கழன்று விழ வேண்டிய பாதி

கழன்று விழும் எதையும் எனக்குப் பிடிக்காது. இருபத்தெட்டு வருடமாகத் தாழ்வுபாட்டில் பைபர் வள்ளங்களுக்கு ஒட்டு வேலை செய்கிறேன். வெடித்த முன்பக்க அணியமோ, கல்லில் அடிபட்டுப் பிளந்த அடிப்பக்கமோ, எது வந்தாலும் சுரண்டி, பைபர் துணி வைத்து, ரெசின் பசை பூசி, வெயிலில் காயவிட்டுக் கொடுத்தால் அந்த இடம் இந்த ஜென்மத்தில் விடாது. வள்ளத்தின் வேறு இடம் உடையும், நான் ஒட்டிய இடம் உடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நான் செய்த ஒரு முட்டாள்தனத்துக்கு இதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு ஒரே பிள்ளை. மகள். போன வருடம் மேற்படிப்புக்கு நோர்வேக்குப் போனாள். அவளுடைய அம்மா இறந்து ஏழு வருடமாகிறது, ஆகவே அவள் போனதும் வீட்டில் நான் மட்டும்தான். அவள் புறப்பட்டபோது நான் நல்லபடி நடந்துகொள்ளவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் கூடப் போகாமல், ஒரு வள்ளத்தை அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லி, வாசலிலேயே வழியனுப்பினேன். அதற்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில், "போறதெண்டால் போ. எனக்கு ஒருத்தரும் தேவையில்லை" என்றும் சொல்லியிருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துவது என் பழக்கம். வருந்துகிறேன் என்று வெளியே சொல்வது மட்டும் பழக்கமில்லை.

போன பிறகு ஞாயிறுதோறும், நான் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களோ? குளிசை போட்டனீங்களோ? பிறசர் பாத்தனீங்களோ?" என்று கேட்பாள். நான் மூன்று தடவை ஓம் சொல்வேன். கிளினிக்கில் துண்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் நேர்ஸ்கூட இன்னும் கொஞ்ச நேரம் பேசுவார். மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்காக நான் சனிக்கிழமையே போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கக் கடல் குழம்பிக் கிடக்கும். பாதி வள்ளங்களை வடகரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மிச்சம் மணலில் கவிழ்ந்து கிடக்கும். எனக்கும் வேலை குறைந்துவிடும். மணல் பறந்து கதவிடுக்கால் வீட்டுக்குள் வரும். கூட்டுவேன். மறுபடி வரும், மறுபடி கூட்டுவேன். பேச்சுத் துணை இல்லாதவனுக்கு அதுவும் ஒரு வேலைதான். அப்படிக் கூட்டித் துடைத்துக்கொண்டு போன ஒரு புதன்கிழமை, மகளின் அறை அலுமாரிக்கு மேலே பெரிதும் சிறிதுமாக இருந்த இரண்டு பெட்டிகள் கண்ணில் பட்டன.

கொழும்பில் படித்த காலத்தில் அவள் ஒரு விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து ரொக்கெட் விட்டுத் திரிந்தவள். அங்கே வாங்கியவைதான் இந்தப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய ரொக்கெட் செய்யத் தேவையான சாமான்கள் இருந்தன. மட்டைக்குழாய், வாலில் ஒட்டும் செட்டைகளை வெட்டுவதற்குக் காற்றுப்போல் நிறையில்லாத ஒரு மரத்தகடு, பிளாஸ்டிக் மூக்கு, மடித்து வைத்த பரசூட், கட்டைவிரல் தடிப்பில் வெடிமருந்துக் குழாய்கள். ஒரு பெட்டியை உடைத்து வேலை தொடங்கிப் பாதியில் விட்டிருந்தாள். மற்றது பிரிக்கப்படாமலே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள். அதில் பென்சிலால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரொக்கெட்டுகளை வரைந்திருந்தாள்.

எனக்கு அதைப் பார்த்ததும் பாசம் பொங்கவில்லை, கோபம்தான் வந்தது. தொடங்கியதை முடிக்காமல் விட்டுவிட்டுப் போகிற பிள்ளை என்று நினைத்தேன். படம் பிடித்து அவளுக்கு அனுப்பி, கீழே "இதுகளை எறியவோ?" என்று எழுதினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது. புதன்கிழமை!

"அப்பா, தொடாதேங்கோ! ஒண்டையும் எறிஞ்சு போடாதேங்கோ!"

"தூசு பிடிச்சுக் கிடக்கு. ஆருக்கு வச்சிருக்கிறாய்?"

"எனக்குத்தான். ரெண்டையும் சேத்து ரெண்டடுக்கு ரொக்கெட் ஒண்டு செய்ய வச்சனான்."

"நீ அங்கை. இங்கை ஆர் செய்யிறது?"

"நீங்கள் செய்யுங்கோவன்" என்றாள். நக்கலாகத்தான் சொன்னாள். எனக்கு வீம்பு தலைக்கேறியது. "ஏன், எனக்குச் செய்யேலாதோ? சொல்லு, என்ன செய்யவேணும்?" என்றேன். அன்றைக்கு அவள் போனை வைக்கும்போது முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான், ஆனால் எனக்கு அந்த ஓணான் பிடித்துவிட்டது.

குசினி மேசை வேலைத்தளமானது. பெரிய பெட்டியின் குழாயைக் குட்டையாக வெட்டிக் கீழ்ப்பாதி, சின்னப் பெட்டியில் இருந்தது மேற்பாதி. கீழ்ப்பாதிக்குப் பெரிய செட்டைகள், மேற்பாதிக்குச் சின்னச் செட்டைகள். அவள் போன் திரைக்குள்ளிருந்து சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். கீழே இருக்கும் மருந்துக் குழாய் எரிந்து முடிகிற அந்த நொடியில் மேலே இருப்பதைப் பற்றவைத்துவிடும். கீழ்ப்பாதி கழன்று விழ, மேற்பாதி தன்பாட்டில் ஏறிப்போகும், உச்சியில் மூக்கைத் தள்ளிக்கொண்டு பரசூட் விரியும். இவ்வளவுதான் சங்கதி.

"கீழ்ப்பாதிக்கும் ஒரு பரசூட் வைப்பம். ஒண்டு மிச்சம் இருக்குத்தானே" என்றேன்.

"வேண்டாம் அப்பா, சும்மா பாரம். அது கிறுகிறுத்துக்கொண்டு விழும். அதுக்கு ஒண்டும் ஆகாது."

"தள்ளிவிட்டதுக்கு அவ்வளவுதானோ மரியாதை?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை பொருத்தில்தான் வந்தது. மேற்பாதி கீழ்ப்பாதிக்குள் ஒரு விரற்கடை மட்டும் செருகி இருக்கும். ஒட்டக்கூடாது, இறுக்கவும் கூடாது. கையில் பிடித்துக் கவிழ்த்தால் மெல்ல வழுகி வரவேண்டும். "இது ஆடுது" என்றேன். "ஆடினால் பரவாயில்லை அப்பா, கழண்டு வரவேணும்" என்றாள். போகிற வழியில் கழன்றால் என்று கேட்டேன். கீழே இருந்து தள்ளிக்கொண்டிருக்கும்வரை கழலாது, தள்ளுவது நின்றால்தான் கழலும் என்றாள். எனக்கு விளங்கியது. என் கைக்கு மட்டும் விளங்கவில்லை.

இன்னொரு நாள், நடுவில் நூல் கட்டித் தலையைச் சுற்றிச் சுழற்றிப் பார்க்கச் சொன்னாள். மூக்கு முன்னுக்குப் பார்த்துக்கொண்டு சுற்றினால் நேராகப் பறக்கும், வால் முன்னுக்கு வந்தால் பின்பக்கம் பாரம் என்று அர்த்தம். வள்ளம் என்றால் பின்பக்கம் பாரமாக இருப்பதுதான் சரி, இங்கே எல்லாம் தலைகீழ். கடற்கரையில் நின்று நான் சுழற்றிக்கொண்டிருக்க, பக்கத்து வளவில் கருவாடு போடும் அக்கா வந்து பார்த்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஊரில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும், தெரியாததை நேரே வந்து கேட்டுக்கொள்வார்.

"தம்பி, என்னத்தைச் சுழட்டுறீர் இந்த வெயிலுக்கை?"

"ரொக்கெட், அக்கா."

"மாதாவே! சண்டை முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகு உமக்கு ஏன் ரொக்கெட்?"

அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றி மணலில் உட்கார்ந்துவிட்டேன். மகளிடம் அதைச் சொன்னபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தாய் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி என் திருட்டைச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு செட்டை உண்மையாகவே கழன்றது. உடனே எடுத்து எப்படி ஒட்டுவது, பசையை எப்படி ஓரமாக விடுவது என்று அரைமணி நேரம் பேசினாள். அதற்குப் பிறகு செட்டைகள் கழன்றதெல்லாம் என் வாயில் மட்டும்தான். "மகள், மற்றச் செட்டையும் போயிட்டுது" என்று எழுதி அனுப்புவேன், போன் அடிக்கும். சரியாகத் தேய்த்த இடத்தைச் சரியில்லை என்பேன். காய்ந்த சாயத்தைக் காயவில்லை என்பேன். இரண்டு கிழமையில் முடிகிற வேலையை நான் இரண்டு மாதம் இழுத்தேன். ரொக்கெட் பறந்துவிட்டால் பிறகு ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடம்தான் மிஞ்சும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பயந்துதான் இழுத்தேன், வேறொன்றுக்கும் இல்லை.

ஆனால் எதையும் ஓர் அளவுக்குத்தானே இழுக்கலாம். காற்று விழத் தொடங்கியது. "வாற ஞாயிறு விடுவம் அப்பா, இனிப் பிந்தினால் மழை தொடங்கிவிடும்" என்றாள். சரி என்றேன். எங்கள் கரையில் மருந்து போட்ட எதையும் நினைத்தபடி கொளுத்திவிட முடியாது. டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்களால் கெட்ட பெயர் வேறு. கிராம சேவகர் கந்தோரில் கடிதம் வாங்கிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். அங்கே இருந்த சார்ஜன் ரொக்கெட்டைக் கையில் வாங்கி, நிறையே இல்லாததைக் கண்டு, என் முகத்தையும் நரைத்த தலையையும் பார்த்துச் சிரித்தார். கடற்படைக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார். அங்கேயும் போனேன். ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் என்று அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை பின்னேரம் ரொக்கெட்டை மேசையில் நிறுத்திவைத்துக் கடைசியாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் உறுதியாக இருந்தது. அந்தப் பொருத்து மட்டும் விரலுக்கு அசைந்தது. மறுபடி தொட்டேன். மறுபடி அசைந்தது. போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தும் தொட்டேன். பிறகு எழுந்து போய் மெல்லிய பைபர் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீலம் வெட்டி, அந்தப் பொருத்தைச் சுற்றி வைத்து, ரெசின் பூசிவிட்டேன். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இதை வாசிக்கிறவர்கள் இதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். கீழ்ப்பாதி கடலில் விழுந்து தொலைந்துவிடும் என்று பயந்தேனா, கை சும்மா இருக்க மறுத்ததா என்று எனக்கே தெரியாது. பூசி முடித்ததும் அது அசையவில்லை. எனக்கு மனம் ஆறியது. அவளுக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு முதற்பூசைக்குப் போய்விட்டு நேரே கடற்கரைக்கு வந்தேன். கம்பியை மணலில் ஊன்றி ரொக்கெட்டை அதில் கோத்தேன். வயரை இழுத்து வள்ளத்துப் பற்றரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். கருவாட்டு அக்கா கோயில் சீலையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் மகள். அங்கே இன்னும் விடியவில்லை, போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, போனைக் கொஞ்சம் மேல பிடியுங்கோ."

"பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். நீர் கொளுத்தும்."

மகள் பத்திலிருந்து கீழே எண்ணினாள். நான் வயரைப் பற்றரியில் முட்டினேன். சீறிக்கொண்டு கிளம்பியது. கம்பியை விட்டுப் போனதை நான் காணவே இல்லை, அண்ணாந்தபோது பனை உயரம் தாண்டியிருந்தது. வாயைத் திறந்தபடி பார்த்தேன். இவ்வளவு அழகாக ஒன்று என் கையால் ஆனது என்று ஒரு கணம் நெஞ்சு விம்மியது. பிறகு அந்தச் சீறல் நின்றது. மேலே இருந்தது பற்றியதும் தெரிந்தது, பொருத்தடியிலிருந்து புகை கக்கியது. ஆனால் கீழ்ப்பாதி விழவில்லை. என் ஒட்டு விடவில்லை. பின்பாரத்தோடு அது தடுமாறித் தலையைச் சாய்த்துக்கொண்டு கடற்பக்கமாகப் போய், நடுவயிறு எரிந்தபடி, பரசூட் பாதி விரிந்தும் விரியாமலும், அலை அடிக்கும் இடத்தில் முழுதாக வந்து விழுந்தது.

"என்ன தம்பி, ரெண்டா வரும் எண்டீர், ஒண்டாய் விழுந்திட்டுதே?" என்று அக்கா கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை என் கையில் தந்து, சீலையைத் தூக்கிக்கொண்டு அதை எடுக்கத் தண்ணீர்ப்பக்கம் நடந்தார்.

நான் போனைப் பிடித்தபடி ஒரு வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, ஒட்டினீங்களோ?"

"ஓம்."

"பைபரோ?"

"ஒரு சுத்து மட்டும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "செட்டையள் கழண்டது?" என்று கேட்டாள். "முதல் ஒண்டுதான் கழண்டது. மற்றதெல்லாம் பொய்" என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் வழமைபோல ஏதாவது சாட்டுச் சொல்லியிருக்கலாம். "கழண்டால் நீ எடுப்பாய்" என்றேன்.

அவள் போர்வையை முகத்துக்கு இழுத்தாள். பிறகு அதற்குள்ளிருந்து சொன்னாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு கம்பனியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை. கடிதம் வந்து இரண்டு மாதம். ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு வரமுடியாது, அடுத்த நத்தாருக்கும் நிச்சயமில்லை.

"நீங்கள் அந்தப் பெட்டியளின்ரை படம் அனுப்பினீங்களே, அந்தக் கிழமைதான் கடிதம் வந்தது. ஒவ்வொரு நாளும் இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் எடுத்தனான் அப்பா. எடுத்தால் நீங்கள் செட்டை கழண்டிட்டுது எண்டு சந்தோசமாய் நிப்பீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

நான் ஏமாற்றிப் பிடுங்கியதாக நினைத்த அழைப்புகள் எல்லாம், அவள் இதைச் சொல்லத் துணிவு தேடி எடுத்தவை. இரண்டு மாதமாக இரண்டு பேரும் பசையைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பேசியிருக்கிறோம். எனக்கு வேதாளம் முருங்கை மரத்தில் ஏறத் தொடங்கியது. போறதெண்டால் போ என்ற அதே வார்த்தை தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"மூண்டு வருசம் தனிய இருக்க எனக்குப் பயமாயிருக்கு மகள்" என்றேன்.

நான் பயம் என்ற சொல்லை அவள் முன்னால் அதுவரை சொன்னதில்லை, தாயைப் புதைத்த நாளில்கூட. அவள் அழுதாள். நானும் அழுதேன், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. வந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு எடுக்கிறன்" என்றாள்.

திங்கள் முழுக்கப் போன் அடிக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாள். செவ்வாய் மத்தியானமும் அடிக்கவில்லை. பிள்ளைதான் தகப்பனுக்கு எடுக்க வேண்டும் என்று இவ்வளவு நாளும் நான் ஒருதடவைகூட அவளுக்கு எடுத்ததில்லை. செவ்வாய் பின்னேரம், வேலை உடுப்போடு, ரெசின் பிடித்த விரலால் அவள் பெயரை அழுத்தினேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன்.

"என்னப்பா? ஏதும் நடந்திட்டுதோ?" பதறிப்போய்க் கேட்டாள். பின்னால் காற்றும் வாகனச் சத்தமும் கேட்டன.

"ஒண்டும் நடக்கேல்லை. சும்மா எடுத்தனான்."

"பஸ்ஸுக்கு நிக்கிறன். சொல்லுங்கோ" என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. குளிசையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் வைக்கவில்லை. அவளுடைய பஸ் வந்து கதவு திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்வரைக்கும் அப்படியே பேசாமல் நின்றோம்.